பேனாவால் இடித்த கோயில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்காது. அரியலூர்ப் பக்கத்துப் பழைய ஊர் ஒன்றில் எத்தனையோ தலைமுறையாக நின்ற சின்ன மாதா கோயில் ஒன்று இன்று அங்கே இல்லை. மழையில் விழவில்லை, இடி விழவில்லை. நான்தான் இடித்தேன். கடப்பாறையைத் தொடக்கூட இல்லை. பெட்டிக்கடையில் வாங்கிய ஒரு நீலப் பால்பாயிண்ட் பேனா போதுமானதாக இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் பேனாவை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழிக்கவேண்டும் என்று எடுத்திருந்தால் ஒருவேளை கோயில் தப்பியிருக்கும். நான் உருப்படியாகச் செய்து முடித்த காரியம் அதுவரை ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றேழில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிகச் சரித்திர ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். தினமும் காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறி வருவேன். எல்லாமே தற்காலிகம். சம்பளம் தற்காலிகம், நாற்காலி தற்காலிகம், அந்த வருஷம் என் சட்டைப் பித்தான்கூட ஏதோ ஒரு நூலின் இரக்கத்தில்தான் நின்றது. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் டப்பாவையும் திருத்த வேண்டிய விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவேன்.

நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற கோயில். வாசல் அவ்வளவு தாழ்வு. சராசரி உயரமுள்ளவன் குனிந்துதான் நுழைய வேண்டும். எனக்கு அந்தச் சிரமம் கிடையாது. இருந்தாலும் தினமும் குனிந்தே நுழைவேன். உயரமானவன் என்று யாராவது நினைத்துவிட்டுப் போகட்டுமே. சுவர்கள் என் கை நீளத்தைவிட அகலம். அதனால் ஜன்னல் திண்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும். உள்ளே மெழுகும் வௌவாலும் நேற்றைய மல்லிகையும் கலந்த ஒரு வாசம், பானைத் தண்ணீர் போல ஒரு குளிர்ச்சி. வாசலை ஒட்டித் தீர்த்தத் தொட்டி. ஒரே கல்லில் குடைந்தது. அந்தக் கல்லுக்குள்ளேயே ஒரு சுருள் சங்கு பதிந்திருக்கும். தீர்த்தம் தொட விரலை விட்டால் சங்கின் வரிகள் விரல் நுனியில் தட்டுப்படும். சிலுவை போட்டுக்கொள்வதற்கு முன் அந்த வரிகளை ஒரு தடவை எண்ணுவேன். இன்றும் தூக்கம் வராவிட்டால் எண்ணுகிறேன். பதினொன்று.

கோயிலைத் திறப்பது, கூட்டுவது, மணியடிப்பது, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பங்குச்சாமியையே அதட்டுவது எல்லாம் ஒரு அக்காவின் பொறுப்பு. நாற்பது வயது இருக்கும். தெற்குத் தெருவில் வாக்கப்பட்டு வந்தவர். புருஷன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். என்னை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. ஒருநாள் திண்டில் விடைத்தாள் மேலேயே நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது அக்கா பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“மாதா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா வாத்தியாரே. நீங்க தூக்கத்துல போட்ட மார்க்கையும் பாத்தா.”

நமக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் இந்தக் கோயிலில்தான் என்று அந்தத் திண்டில் படுத்துக்கொண்டே முடிவு செய்திருந்தேன். மாப்பிள்ளை தயார், கோயில் தயார். பெண் ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் இடிக்கும் பேச்சு வந்தது. பங்கு ஜனம் பெருத்துவிட்டது. திருவிழாப் பூசைக்குப் பாதி ஜனம் வெயிலில் நின்றது. பெரிய கோயில் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல். ஒரு இன்ஜினியர் வந்து, மாப்பிள்ளை வீட்டார் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுவரைத் தட்டிப் பார்த்து, பலமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறைமாவட்ட மேலிடத்திலிருந்து தகவல் வந்தது: இந்தக் கோயிலுக்கு நம்பத்தகுந்த வரலாறு இருக்குமானால் எழுதிக் கொடுங்கள், ஒரு சாமியார் வந்து பார்ப்பார். இருந்தால் பழையது அப்படியே நிற்கட்டும், கிழக்கே வேப்பமரத்து மனையில் புதியது கட்டலாம். இல்லையென்றால் இதை எடுத்துவிட்டு இதே இடத்தில் கட்டலாம்.

ஆக, ஒரு கோயிலின் உயிர் ஒரு கட்டுரையில் வந்து நின்றது. பங்கிலேயே சரித்திரம் படித்தவன் நான் ஒருத்தன்தான். படித்தவன் எழுதுவான் என்று நம்பினார்கள். படித்தவன் என்று நம்பியதுதான் அதைவிடப் பெரிய நம்பிக்கை.

அக்கா பூசைச் சாமான்கள் வைக்கிற சக்ரீஸ்து அறை அலமாரியைத் திறந்து, தோல் அட்டை போட்ட ஒரு பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பெயர்களாகப் போயின. முதல் பக்கத்தில் மட்டும் யாரோ ஒரு பழைய சாமியார் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். பழுப்பு மை. புள்ளியில்லாத பழைய தமிழ். உற்றுப் பார்த்தால்தான் எழுத்தே தெரியும். அரைமணி நேரம் மல்லுக்கட்டி வாசித்தேன். மழை பொய்த்த வருஷம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழுந்து நின்றுபோயிற்று. சுவர் இறுகச் சுண்ணாம்போடு சேர்த்து அரைக்க வெல்லம் இல்லை. அப்போது தெற்குத் தெருவாள் ஒருத்தி, தன் மகள் கல்யாணத்துக்கென்று காய்ச்சி வைத்த வெல்லம் முழுவதையும் கொண்டுவந்து சுண்ணாம்பில் கொட்டினாள். மகள் கல்யாணம் தள்ளிப் போயிற்று. கோயில் எழுந்தது. அவ்வளவுதான் குறிப்பு. அவள் பெயர்கூட இல்லை.

நான் சத்தமாக வாசித்து முடித்ததும் அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு, தானே வாசிக்க முடியுமா என்று கேட்டார். பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றார். முகம் கொஞ்சம் வாடிவிட்டது. எப்போதும் என்னைக் கிண்டல் செய்கிறவர் ஒரு உதவி கேட்டு முகம் வாடினால் நான் சும்மா இருப்பேனா? மூன்று நாள் மதியம் உட்கார்ந்து, மங்கிய எழுத்து ஒவ்வொன்றின் மேலும் நீலப் பேனாவால் எழுதினேன். விட்டுப்போன புள்ளிகளையும் வைத்தேன். ஒரு இடத்தில் ‘ற’ சரியில்லை என்று திருத்தினேன். இரண்டு மதிப்பெண் குறைக்காததுதான் பாக்கி. அக்கா கண்ணாடி மாட்டிக்கொண்டு, எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, உதடு அசைய முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“இத நீங்க எழுதுற புத்தகத்துல போடுவீங்கல்ல?”

இடம் இருந்தால் பார்க்கலாம் என்றேன்.

இதை எழுதும்போது என் காதைத் திருகிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அன்று நான் இருந்த நிலைமை அப்படி. வரலாறு என்றால் குறைந்தது ஒரு ராஜா வேண்டாமா? ஒரு கப்பல், ஒரு புயல், ஒரு அற்புதம்? ஒரு அண்டா வெல்லத்தை வைத்துக்கொண்டு மேலிடத்தின் முன்னால் எப்படி நிற்பது? பலகாரக் குறிப்பு என்றல்லவா நினைப்பார்கள்? அந்தக் கவலையோடு தீர்த்தம் தொட விரலை விட்டவன் சங்கைத் தொட்டேன். அங்கேயே எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. கடல் எங்கே, இந்த ஊர் எங்கே? சங்கு எப்படி வந்தது? கடற்கரையிலிருந்து முத்துக்குளிக்கும் மக்கள் சுமந்து வராமல் தானாகவா வந்திருக்கும்?

அன்று மாலை பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டு போனேன். புயலில் தப்பிய கடற்கரை மக்கள், மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, கடலடிக் கல்லைத் தலையில் சுமந்து, பாதம் கொப்பளிக்க நடந்து, இங்கே வந்து கல் கனத்து மேற்கொண்டு நகர மறுத்ததால் இதே இடத்தில் கோயில் கட்டினார்கள். கல் நகர மறுத்த இடத்தை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

அரியலூர் அச்சகம் ஒன்றில் பதினாறு பக்கம் அடித்து வந்தது. அட்டையில் தொட்டியின் படம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நானே வாசித்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கூட்டத்தில் கிணறு வெட்டுகிற ஆள்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். கல்லுக்குழி வேலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். அந்த ஊரில் மூன்று முழம் தோண்டினால் சங்கும் கிளிஞ்சலும் பதிந்த கல் வரும் என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கிணற்றுக் கரையில் துணி துவைக்கிற கல்லே அதுதான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். கேட்க நல்லாயிருந்தது, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம் என்றார். நான் பெரம்பலூர்க்காரன். எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர்.

வெல்லத்துக்கு இடம் இருக்கவில்லை; அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் என் படிப்புப் பட்டங்களுக்கு இடம் தேவைப்பட்டது.

மேலிடத்துச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். பூசை முடிந்து பங்குப் பேரவைக்காரர்கள், ஊர்ஜனம் எல்லாரும் வேப்பமரத்தடியில் கூடினோம். என் புத்தகத்தைப் பொறுமையாக வாசித்தார். ஆறாம் பக்கத்தில் நின்றார். புத்தகத்தை மூடாமல் எழுந்து ரோட்டுப் பக்கம் போனார். ரோடு போடக் கொட்டியிருந்த கல்குவியலில் குனிந்து தேடினார். திரும்பி வந்து என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி நாலைந்து கல்லை வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சங்கு.

“இதையும் யாராச்சும் கடல்லேருந்து சுமந்துட்டு வந்தாங்களா சார்?”

அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. மனிதர்கள் பிறப்பதற்கு முன்னால் இந்த நிலமெல்லாம் கடல், சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுப்பதே அந்தக் கடலைத்தான் என்று விளக்கினார். கல்லுக்குழிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவராம். எங்க வூட்டு அடுப்புக்கல்லே இதுதான் சார் என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்த அதே பெண்கள் அதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். கை நிறையக் கல்லோடு வேறென்ன செய்ய முடியும்?

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. என் மானம் போனதோடு கோயிலும் போகப்போகிறது. அக்கா கொஞ்சம் தள்ளி, கோயில் வாசல் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் வெல்லம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கொண்டுவந்து முதல் பக்கத்தைத் திறந்து சாமியார் முன்னால் வைத்தேன். இது பொய்யில்லை சாமி, இதைப் பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எழுத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதுவும் நீங்க எழுதுனதுதானா?”

“ஆமா சாமி. ஆனா...”

‘ஆமா’ எல்லாருக்கும் கேட்டது. ‘ஆனா’ சிரிப்பில் மூழ்கிவிட்டது. அடியில் பழுப்பு மை இருக்கிறது, நான் மேலேதான் எழுதினேன் என்று சொல்லச் சொல்ல, சொந்தப் பெயரையே சந்தேகப்படுகிறவன் மாதிரி எனக்கே என் குரல் கேட்டது. அக்கா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இடிக்கலாம் என்று பேரவையில் கை தூக்கினார்கள். எண்ண வேண்டியிருக்கவில்லை.

நாலே நாளில் முடித்துவிடுவதாகச் சொல்லித்தான் இடிக்கிற ஆள்கள் வந்தார்கள். ஓடும் மரமும் அரை நாளில் இறங்கிவிட்டன. சுவர்தான் இறங்கவில்லை. கடப்பாறை போட்டால் தீப்பொறி பறந்ததே தவிர கல் பெயரவில்லை. மூன்றாவது நாள் இரண்டு கடப்பாறை வளைந்து போயிற்று. மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இது பலமில்லாத சுவர் என்று சொன்ன புண்ணியவான் யார், அவரைக் கூட்டிவாருங்கள், அவர் தலையை வைத்து முட்டிப் பார்க்கலாம் என்றார். இரண்டு வாரம் ஆனது. நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், இல்லாத திண்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவேன்.

அப்படி நின்ற ஒருநாள்தான் மேஸ்திரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், வெல்லக்கார வூட்ல போய்க் கேளுங்க என்று தெற்குத் தெருவைக் கை காட்டினார். கை காட்டிய வீட்டிலிருந்து குடத்தோடு வந்தது அக்கா.

அக்கா தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை காத்திருந்து, உங்கள் வீட்டை ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். தனக்கும் தெரியாமல்தான் இருந்தது, மாமியாருக்கும் தெரியாது என்றார். அந்த வீட்டில் வெல்லம் விற்றவர்கள் யாரும் கிடையாது, கரும்பு போட்டவர்கள்கூடக் கிடையாது, வந்த நாளிலிருந்து ஏன் இந்தப் பேர் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாம்.

“நீங்க மை போட்டுக் குடுத்தீங்கல்ல, அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.”

ஊரே அழைக்கிற பேர். கூட்டத்தில் இருந்த அத்தனை பேர் வாயிலும் தினமும் வருகிற பேர். அக்கா அன்று வேப்பமரத்தடியில் அந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் என் நீல மைக்கு அடியில் இருந்த பழுப்பு மை தானாகத் தெரிந்திருக்கும். ஏன்க்கா அன்னிக்குச் சொல்லல என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். “இடம் இல்லன்னீங்களே வாத்தியாரே.”

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் நடந்தது. புதுக் கோயில் பாதி எழுந்து நின்ற சமயம். பூசையெல்லாம் தகரக் கொட்டகையில். பெண்ணிடம் சம்மதமா என்று சாமியார் கேட்ட நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சம்மதம் என்று சொன்னதாக நம்பித்தான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறேன். கேட்டால், ஞாபகமில்லை என்கிறாள்.

புதுக் கோயில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆயிரம் பேர் உட்காரலாம். வழவழப்பான தரை, இருபது மின்விசிறி, யானை நுழைகிற வாசல். குனிய வேண்டியதில்லை. ஆனாலும் வாசலில் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது, யாரும் பார்க்காதபோதும். தீர்த்தத்துக்குப் பளபளப்பான எவர்சில்வர் கிண்ணம். விரலை விட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. பழைய தொட்டி இடிபாட்டோடு போய் எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பிவிட்டது. வந்த மண்ணுக்கே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டால் மனசு ஆறும் என்று பார்த்தேன். ஆறவில்லை. வெயில் நாளில் பழைய கட்டடம் எதையாவது கடந்து போகும்போது, உள்ளேயிருந்து அந்தப் பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி ஒரு நொடி முகத்தில் படும். நின்றுவிடுவேன். கூட வருகிறவர்கள் மாரடைப்போ என்று பயப்படுகிறார்கள்.

இடையில் எங்கள் மாவட்டமே பிரிந்தது, சேர்ந்தது, இரண்டாயிரத்து ஏழில் மறுபடியும் பிரிந்தது. பெரம்பலூர் தனி, அரியலூர் தனி. பிரித்ததை ஒட்டவும் ஒட்டியதைப் பிரிக்கவும் அரசாங்கத்தால் முடிகிறது. அந்தச் சமயம்தான் எனக்கும் ஒரு ஆசை வந்தது. நான் அப்போது பெரம்பலூரில் நிரந்தர ஆசிரியர். பித்தான்களெல்லாம் உறுதி. கோயிலைத் திருப்பிக் கட்ட முடியாது, வரலாற்றையாவது ஒழுங்காக எழுதி வைப்போம் என்று ஒரு தடித்த நோட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்காவுக்கு முடி பாதி நரைத்திருந்தது. சாவிக்கொத்து இரண்டு மடங்காகியிருந்தது. எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். புரட்டினேன். கொட்டகையில் கிடந்தபோது ஈரம் ஏறிவிட்டிருந்தது. பழுப்பு எழுத்தெல்லாம் கரைந்து, பக்கம் பக்கமாகக் கறைதான் மிச்சம். எத்தனை குழந்தைகளின் பெயர்கள் அவை. முதல் பக்கம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. நீல நிறத்தில், புள்ளிகளோடு, நான் திருத்திய ‘ற’வோடு.

அக்கா எதிரில் உட்கார்ந்தார். பிறகு நோட்டை விரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

“அக்கா, இந்தத் தடவை உங்க வெல்லம்தான் முதல் பக்கம். சொல்லுங்க, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?”

அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என் பேனாவைப் பார்த்தார்.

“பென்சில்ல எழுதுங்க.”